வேலூர் வீட்டுத் தோட்டத்தில் தையல்சிட்டு: பார்ப்பதற்கும் படமெடுப்பதற்கும் படிப்படியான வழி

வேலூரில் நாலு செடி வைத்திருக்கிற வீடு என்றால் தையல்சிட்டு வந்துபோகாமல் இருக்காது. சத்துவாச்சாரியிலோ காட்பாடி காந்தி நகரிலோ பாகாயத்திலோ, காம்பவுண்டு சுவரோரம் ஒரு செம்பருத்தியும் ஒரு நந்தியாவட்டையும் இருந்தாலே போதும். குரல் தெருமுனை வரைக்கும் கேட்கும். ஆளைப் பார்க்கப் போனால் இலைதான் ஆடிக்கொண்டிருக்கும்.

புதிதாகக் கேமரா வாங்கியவர்கள் பெரும்பாலும் சத்தம் வந்த பக்கம் ஓடுகிறார்கள். பறவை அடுத்த செடிக்குப் போகிறது, இவர்களும் போகிறார்கள். ஒரு மணி நேரம் கழித்து கார்டில் இருப்பது இருநூறு இலைப் படங்கள். பிறகு "லென்ஸ் போதவில்லை" என்று கடைக்குப் போகிறார்கள். லென்ஸில் குறையில்லை. இந்தப் பறவை துரத்தினால் கிடைக்காது, உட்கார்ந்தால் கிடைக்கும். எங்கே, எப்போது, எவ்வளவு தூரத்தில் உட்கார வேண்டும் என்பதைத்தான் கீழே வரிசையாகச் சொல்கிறேன். வரிசையை மாற்ற வேண்டாம். குறிப்பாக, 5-ஆம் படிக்கு வரும் வரை எதையும் வாங்க வேண்டாம்.

1. முதலில் ஆள் அடையாளம்

தையல்சிட்டு சுமார் 10 முதல் 14 செ.மீ. நீளம், 6 முதல் 10 கிராம் எடை. ஒரு பத்து ரூபாய் நாணயம் ஏறக்குறைய இதே எடைதான். உச்சந்தலை செம்பழுப்பு, முதுகும் இறக்கையும் மஞ்சள் கலந்த பச்சை, வயிறு அழுக்கு வெள்ளை. அலகு உடலுக்கு நீளமாக, கூராக, நுனியில் லேசாக வளைந்திருக்கும். வால் பெரும்பாலும் மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும். ஆணும் பெண்ணும் ஒரே நிறம். இனப்பெருக்கக் காலத்தில் ஆணுக்கு மட்டும் வாலின் நடு இறகுகள் இரண்டும் ஊசிபோல் நீண்டிருக்கும்.

நம் ஊரில் இதனோடு குழம்பக்கூடியவை இரண்டு.

சாம்பல் கதிர்க்குருவி: இதே அளவு, இதேபோல் வாலைத் தூக்கும், இதுவும் சில நேரம் இலைகளைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டும். அதனால் "தைத்த கூடு, ஆகவே தையல்சிட்டு" என்று முடிவு கட்டாதீர்கள். தலையைப் பாருங்கள். கதிர்க்குருவிக்குத் தலையும் முதுகும் சாம்பல் நிறம், வயிறு வெளிறிய செம்மஞ்சள். பச்சை முதுகும் செம்பழுப்பு உச்சியும் சேர்ந்திருந்தால் தையல்சிட்டு.

பிளித் நாணல் கதிர்க்குருவி: குளிர்காலத்தில் வந்து ஏப்ரல் வாக்கில் திரும்பிப் போகும் வலசைப் பறவை. புதருக்குள் இருந்தபடியே "டக்... டக்..." என்று விட்டுவிட்டுக் குரல் கொடுக்கும். உடல் முழுக்க மங்கிய பழுப்பு. உச்சியில் செம்பழுப்பு இல்லை, வாலும் நிமிர்ந்து நிற்காது.

இன்னொரு பொறி: கூட்டைவிட்டு இப்போதுதான் வெளியே வந்த தையல்சிட்டுக் குஞ்சு. வால் குட்டை, தலையில் செம்மை மங்கலாக இருக்கும். அதைப் பார்த்து "வேறு இனம்" என்று எழுதிவிடுகிறவர்கள் பலர். பக்கத்திலேயே பெற்றோர் இரை கொண்டுவருகின்றனவா என்று இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

2. கண்ணுக்கு முன் காது

"டுவிக்-டுவிக்-டுவிக்-டுவிக்" என்று ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும் உரத்த குரல். முதல் தடவை கேட்பவர்கள் இவ்வளவு சத்தம் இவ்வளவு சிறிய உடலிலிருந்து வருகிறது என்று நம்பமாட்டார்கள், பெரிய பறவையைத் தேடி மாமரத்தின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். தேட வேண்டிய இடம் பெரும்பாலும் உங்கள் இடுப்புக்கும் தலைக்கும் இடைப்பட்ட உயரம்.

கைபேசியில் மெர்லின் செயலியை நிறுவிக்கொள்ளுங்கள். இலவசம். இந்தியப் பறவைகளுக்கான தொகுப்பை வைஃபை இருக்கும்போதே இறக்கிக்கொண்டால், பிறகு இணையம் இல்லாமலும் குரலை வைத்துப் பெயர் சொல்லும். ஆனால் அது சொல்வதை அப்படியே ஏற்காதீர்கள். பக்கத்துத் தெரு வண்டிச் சத்தமும் அணிலின் கீச்சொலியும் சேர்ந்தால் தடுமாறும். செயலி சொன்ன பெயரைக் கண்ணால் ஒருமுறையாவது உறுதி செய்த பிறகே குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் கேமரா இல்லாமல் காலையில் அரை மணி நேரம் கேட்பதற்கு மட்டும் ஒதுக்குங்கள். இரண்டு வகைக் குரல் பிரிந்து கேட்கத் தொடங்கும். ஒன்று பாட்டு: ஒரே இடத்திலிருந்து நீண்ட நேரம் வரும். ஆண் பறவை ஓரளவு திறந்த கிளையிலோ கம்பியிலோ நின்று பாடும். படத்துக்கு இதுவே வாய்ப்பு. மற்றொன்று எச்சரிக்கை: வேகமாக, இடைவிடாமல், இடம் மாறிமாறி வரும். பூனையோ, பாம்போ, செண்பகப் பறவையோ பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். நீங்களே காரணமாகவும் இருக்கலாம். எச்சரிக்கைக் குரல் உங்களைச் சுற்றியே கேட்டால் ஐந்தாறு அடி பின்வாங்குங்கள்.

பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது எளிது, உடனே வரும். செய்யாதீர்கள். தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் நுழைந்துவிட்டது என்று நினைத்து, இரை தேடுவதையும் குஞ்சைக் கவனிப்பதையும் விட்டுவிட்டு அது போராட வரும். வீட்டுத் தோட்டத்தில் தினமும் இப்படிச் செய்தால் அந்த ஜோடி இடத்தையே விட்டுவிடக்கூடும்.

3. ஒரே ஒரு புதரைத் தேர்ந்தெடுங்கள்

எல்லாவற்றையும்விட முக்கியமான படி இது. தையல்சிட்டு கண்டபடி அலைவதுபோல் தோன்றும். உண்மையில் ஒரு ஜோடி ஒரே சிறு பரப்பைத்தான் நாள் முழுக்கச் சுற்றும், அதே செடிகளுக்குத் திரும்பத் திரும்ப வரும். நோட்டுப் புத்தகத்தில் தோட்டத்தின் படத்தைக் கையால் வரைந்து, பறவை எந்தச் செடியில் எத்தனை மணிக்கு வந்தது, எந்தப் பக்கமாகப் போனது என்று ஒரு வாரம் புள்ளி வையுங்கள். இரண்டு மூன்று செடிகள் மேல் புள்ளிகள் குவிந்துவிடும்.

அப்படிக் குவிவதற்குக் காரணம் புழு, பூச்சி, சிலந்தி. இதன் உணவு பெரும்பாலும் பூச்சிகள். பூத்திருக்கும் மரங்களில் தேனும் குடிக்கும். வீட்டுத் தோட்டத்தில் பலன் தருபவை: மாவுப்பூச்சி ஏறிய செம்பருத்தி, எலுமிச்சை (பட்டாம்பூச்சிப் புழுக்கள்), கறிவேப்பிலை, அவரைப் பந்தல், முருங்கை, கத்தரிப் பாத்தி. அணைக்கட்டு ஊர்ப் பக்கம் இலவம்பாடி முள்கத்தரி போடும் தோட்டங்களின் வரப்போரப் புதர்களிலும் தேடிப் பாருங்கள். மாவும் இலவும் பூக்கும் காலத்தில் நெற்றியெல்லாம் மகரந்தம் பூசிக்கொண்டு இருக்கும். அடையாளம் காணும்போது அந்த மஞ்சளைக் கண்டு ஏமாற வேண்டாம்.

தேர்ந்தெடுத்த செடிக்குப் பூச்சிமருந்து கூடாது. செம்பருத்தியில் மாவுப்பூச்சி தாங்க முடியவில்லை என்றால், அந்தக் கிளையை மட்டும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். செடி முழுக்க மருந்து அடித்தால், பறவை வருவதற்கான காரணமே போய்விடும்.

தண்ணீர் வைப்பது பலன் தரும், வைக்கும் முறை சரியாக இருந்தால். ஆழமான வாளியோ பிளாஸ்டிக் டப்பாவோ வேண்டாம். ஒரு அடி அகலமுள்ள மண் தட்டு, தண்ணீர் 2 செ.மீ. ஆழத்துக்கு மேல் வேண்டாம், நடுவில் இரண்டு கூழாங்கல். செடியிலிருந்து ஒரு மீட்டருக்குள் இருக்கட்டும், பூனை பதுங்க இடமில்லாத பக்கமாக. தினமும் கொட்டிவிட்டுத் தேய்த்துக் கழுவி மாற்றுங்கள். டெங்கு பரப்பும் கொசு ஒரு வாரம் தேங்கிய தண்ணீரில் முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைந்துவிடும். இந்தச் சிறு பறவைகள் தட்டைவிட நனைந்த இலைகளில் உடலைத் தேய்த்துக் குளிப்பதை விரும்பும். காலை 7 மணி வாக்கில் பூவாளியால் இலை மேல் தண்ணீர் தெளித்துவிட்டு உட்காருங்கள். தேன்சிட்டும் வரும், தையல்சிட்டும் வரும்.

4. மாதமும் மணியும்

வேலூரில் சூரிய உதயம் ஜூன் வாக்கில் காலை 5.45, ஜனவரி இறுதியில் 6.40. உதயமாகி அரை மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரம் வரை நல்ல ஒளி. கோடையில் 8 மணிக்கு மேல் வெயில் கொடூரமாகிவிடும். இலைகளில் வெள்ளைப் புள்ளிகளும் அவற்றின் நடுவே கறுப்பு நிழலுமாக விழும். எந்தக் கேமராவும் அதைச் சமாளிக்காது. அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடியிலிருந்து எடுத்தால் தளத்தின் சூடே காற்றை அலையாடச் செய்து படத்தை மங்கலாக்கும். மாலை 5 மணிக்கு மேல் மறுபடி எடுக்கலாம், ஆனால் அப்போது பறவை குறைவாகவே பாடும்.

ஜனவரி, பிப்ரவரி: இலை குறைவு, பறவை எளிதாகத் தெரியும். தொடங்குவதற்கு ஏற்ற காலம்.

மார்ச் முதல் மே: பாட்டு கூடும், ஆணின் வால் நீண்டிருக்கும். திறந்த கிளையில் பாடும் படம் வேண்டுமென்றால் இந்த மாதங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர்: கூடு, குஞ்சு. மார்ச்சிலிருந்தே கூடு கட்டினாலும் மழை தொடங்கிய பின்தான் அதிகம். வேலூரில் ஆகஸ்ட், செப்டம்பரில் மாலை இடிமழை வழக்கம், ஆகவே காலையை நம்புங்கள். மழைக்கு மறுநாள் காலை தவறவிடக் கூடாதது. தூசி கழுவப்பட்ட இலை, ஏராளமான பூச்சி, மெல்லிய மேக ஒளி.

அக்டோபர் முதல் டிசம்பர்: வடகிழக்குப் பருவமழை. படத்தைவிடக் குரலைக் கவனிக்க ஏற்ற நாட்கள்.

5. கருவியும் செலவும்

வாங்கும் வரிசை: நோட்டு, பைனாகுலர், பிறகு கேமரா.

பைனாகுலர் 8x42 அல்லது 8x40 போதும் (8 என்பது எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, 42 என்பது முன் கண்ணாடியின் விட்டம் மி.மீ.-இல்). தொடக்க நிலைத் தரமானவை சுமார் ரூ.6,000 முதல் ரூ.10,000. சாலையோரத்திலும் பொருட்காட்சியிலும் விற்கும் "50x50" வகையறாக்களில் காசைப் போடாதீர்கள். 10x வாங்கினால் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும். பத்தடி தூரத்துப் புதரில் பறவை கண்ணாடிக்குள் அகப்படாது. வாங்கும் முன் மிகக் குறைந்த ஃபோகஸ் தூரம் எவ்வளவு என்று கேளுங்கள். 3 மீட்டருக்குள் இருந்தால்தான் வீட்டுத் தோட்டத்துக்கு உதவும்.

கைபேசிக் கேமரா இந்தப் பறவைக்குப் போதாது. 4 மீட்டர் தூரத்தில் சாதாரண கைபேசி லென்ஸ் காட்டும் அகலம் ஐந்தரை மீட்டர். அதில் 12 செ.மீ. பறவை ஏறத்தாழ 50-ல் 1 பங்குதான். ஆனால் குரல் பதிவுக்கும் வாழிடப் படத்துக்கும் கைபேசியே சிறந்தது.

கேமராவுக்கு இரண்டு வழி.

முதல் வழி, பழைய ஏபிஎஸ்-சி கேமராவும் (நடுத்தர அளவு சென்சார், அதாவது படம் பதியும் தகடு, உள்ளது) 70-300 அல்லது 55-250 மி.மீ. லென்ஸும். இரண்டாம் கையாக நல்ல நிலையில் ரூ.25,000 முதல் ரூ.40,000-க்குள் கிடைக்கும். கணக்கு இப்படி: 300 மி.மீ. லென்ஸில், 4 மீட்டர் தூரத்தில், 12 செ.மீ. பறவை சென்சாரில் சுமார் 10 மி.மீ. விழும். சென்சாரின் அகலம் சுமார் 23 மி.மீ. அதாவது படத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு. போதுமானது. அதே பறவை 8 மீட்டருக்குப் போனால் ஐந்தில் ஒரு பங்காகிவிடும். ஒரு லட்ச ரூபாய் லென்ஸ் தரும் அனுகூலத்தை, நாற்காலியை நாலு மீட்டர் முன்னால் போடுவதே தந்துவிடும்.

இரண்டாம் வழி, நீள ஜூம் உள்ள, லென்ஸைக் கழற்ற முடியாத பிரிட்ஜ் கேமரா. ஒரே பொருள், தூக்க எளிது. குறை என்னவென்றால், நிழலில் படம் மணல் மணலாகும். முழு ஜூமில் சுமார் 5 மீட்டருக்கு உள்ளே இருப்பதை ஃபோகஸ் செய்யவே முடியாத மாடல்களும் உண்டு. பறவை பக்கத்தில் வந்தும் படம் தெளிவில்லை என்று குழம்புகிறவர்கள் ஜூமைக் கொஞ்சம் குறைத்தால் சரியாகிவிடும்.

வாங்கும் முன் வாடகைக்கு எடுத்துப் பார்க்க வேண்டுமா? கல்யாணப் படம் எடுக்கும் ஸ்டுடியோக்களில் கேட்டுப் பாருங்கள். பொதுவாக ஆதார் நகலும் முன்பணமும் கேட்பார்கள். முகூர்த்த நாட்களில் கிடைக்காது, ஆடியிலும் மார்கழியிலும் பேரம்கூடப் பேசலாம். நகல் கொடுக்கும்போது அதன் மேலேயே "கேமரா வாடகைக்காக" என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். ரசீதில் கேமரா, லென்ஸ் இரண்டின் வரிசை எண்ணும் இருக்க வேண்டும். லென்ஸின் முன் கண்ணாடியையும் பின் கண்ணாடியையும் கடையிலேயே கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது "இந்தக் கீறல் எப்படி வந்தது" என்ற கேள்விக்கு அதுதான் பதில்.

இரண்டாம் கை லென்ஸ் என்றால் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலை போன்ற வெண்மை பூஞ்சணம், வேண்டாம். பில் இல்லாத கேமராவை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். திருட்டுப் பொருளாக இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

6. உட்காரும் இடம்

காலைச் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். அதாவது நீங்கள் கிழக்கிலும் செடி மேற்கிலும். தோட்டம் அதற்கு இடம் தராவிட்டால் பக்கவாட்டு ஒளி பரவாயில்லை. எதிரொளி மட்டும் கூடாது.

செடிக்கும் உங்களுக்கும் 4 முதல் 5 மீட்டர். பிளாஸ்டிக் நாற்காலி, மங்கலான நிறச் சட்டை. வெள்ளை வேட்டி, பளிச்சென்ற துப்பட்டா இரண்டும் பறவையை விரட்டும். நாற்காலியை முந்தின நாள் மாலையே போட்டுவிடுங்கள். பறவை கிளம்பும் முன் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். கை அசைவுதான் அதை அதிகம் பயமுறுத்தும், ஆகவே கேமராவை மடியில் வைத்திருந்து பறவை வந்ததும் தூக்காதீர்கள். மோனோபாட் (ஒற்றைக்கால் தாங்கி) மேலோ, நாற்காலிக் கையில் வைத்த மணல் பை மேலோ, கண்ணுக்கு நேராகவே இருக்கட்டும்.

வீட்டு ஜன்னல் இதைவிடச் சிறந்த மறைவிடம். அறை விளக்கையும் மின்விசிறியையும் அணைத்துவிடுங்கள், திரை ஆடக் கூடாது. கண்ணாடி வழியாக எடுக்காதீர்கள், கதவைத் திறந்து கிரில் இடைவெளியில் லென்ஸை வையுங்கள். கொசுவலை அடித்த ஜன்னலாக இருந்தால் லென்ஸை வலையோடு ஒட்டி, அபர்ச்சரை (லென்ஸில் ஒளி நுழையும் துளையை) முழுதாகத் திறந்து எடுத்தால் வலை தெரியாது. ஆனால் படம் கொஞ்சம் வெளிறிப்போகும். கழற்றக்கூடிய வலையென்றால் கழற்றிவிடுவதே நல்லது.

செடிக்கு அரை மீட்டர் வெளியே, உங்கள் கண் உயரத்தில், பென்சில் பருமனுள்ள காய்ந்த குச்சி ஒன்றைச் செருகிவையுங்கள். அதன் பின்னால் குறைந்தது 2 மீட்டர் காலியாக இருக்க வேண்டும், அப்போதுதான் பின்னணி மிருதுவாகும். சுவருக்கு ஒட்டியபடி குச்சி நட்டால் பெயிண்டும் பாசியும் பளிச்சென்று படத்தில் விழும். தையல்சிட்டு செடிவிட்டுச் செடி போகும்போது அந்தக் குச்சியில் ஒரு விநாடி நிற்கும், அதுபோதும்.

7. கேமரா அமைப்பு

புதரில் தாவித் திரியும்போது ஷட்டர் (ஒளியை உள்ளே விடும் திரை) 1/1000 விநாடியைவிட மெதுவாக இருக்கக் கூடாது. கிளையில் நின்று பாடும்போது 1/500 வரை இறங்கலாம். ஆனால் பாடும்போது உடலும் வாலும் அதிரும் என்பதால் 1/640 பாதுகாப்பு. அபர்ச்சர் உங்கள் லென்ஸ் தரும் மிகச் சிறிய எண், f/5.6 அல்லது f/6.3. ஐஎஸ்ஓ (கேமரா ஒளியை உணரும் அளவு, கூடினால் படம் மணல் மணலாகும்) தானியங்கி, மேல் வரம்பு 3200. புதிய கேமரா என்றால் 6400. மணல் விழுந்த தெளிவான படத்தைச் சரிசெய்துவிடலாம், ஆடிப்போன படத்தை ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே ஐஎஸ்ஓவைக் கண்டு பயந்து ஷட்டரைக் குறைக்காதீர்கள்.

ஃபோகஸ்: தொடர் ஃபோகஸ், ஒற்றைப் புள்ளி. எல்லாப் புள்ளிகளும் இயங்கும் நிலையில் விட்டால் கேமரா முன்னால் உள்ள இலையைத்தான் பிடிக்கும். இலைப் படங்கள் குவிவதற்கு முதல் காரணம் இதுவே. பறவையின் கண்ணைத் தானே தேடும் புதிய மிர்ரர்லெஸ் கேமராக்களும் அடர்ந்த புதருக்குள் தடுமாறும். சிறிய பகுதியைத் தேர்ந்தெடுத்து அதற்குள் மட்டும் தேடச் சொல்லுங்கள். லென்ஸில் ஃபோகஸ் எல்லைப் பொத்தான் இருந்தால் உங்கள் தூரத்தை உள்ளடக்கிய எல்லையில் வையுங்கள்.

வெளிச்சத் திருத்தம் (படத்தைக் கூடுதல் வெளிச்சமாகவோ இருட்டாகவோ எடுக்கச் சொல்லும் அமைப்பு): வானம் பின்னணியாகக் கம்பியில் உட்கார்ந்திருந்தால் +1 முதல் +1.3, இல்லாவிட்டால் கறுப்பு நிழல்தான் கிடைக்கும். இருண்ட புதருக்கு முன்னால் வெயில் பட்டு நின்றால் −0.3 முதல் −0.7, இல்லாவிட்டால் வெளிர்வயிறு வெளுத்துப்போகும்.

இலைகளுக்குள் எடுக்கும் படத்தில் வயிறும் பச்சையாகத் தெரியும், இலை வழியாக வடிகட்டி வரும் ஒளி அப்படி. ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலப் படமாக) எடுத்தால் பிறகு வெள்ளைச் சமநிலையை, அதாவது நிறச் சாயலை, சரிசெய்யலாம். ஜேபெக் மட்டும் எடுத்தால் முழுதாகச் சரியாகாது. பறவையின் முதுகே பச்சை என்பதால் சரிசெய்யும்போது பச்சையை மிகையாக உறிஞ்சி எடுத்துவிடாதீர்கள். செம்பழுப்பு உச்சியை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

பாடும்போது கழுத்துப் பக்கத்தில் ஒரு கறுப்புத் திட்டு தெரியும். கழுத்து விரியும்போது இறகுகளுக்கு அடியிலிருக்கும் கரிய தோல் வெளிப்படுவதால் வருவது அது. அமைதியாக இருக்கும் பறவையில் மறைந்திருக்கும். அலகு திறந்து, கழுத்துத் திட்டு தெரிந்து, வால் நிமிர்ந்து நிற்கும் அந்தக் கணம்தான் இந்தப் பறவையின் மிகச் சிறந்த படம். ஒவ்வொரு சுரத்துக்கும் அலகு திறக்கும், ஆகவே நான்கைந்து படங்களாகச் சிறு தொடர் எடுங்கள். பொத்தானை அழுத்திப் பிடித்தபடியே இருந்தால் பழைய கேமராவின் நினைவகம் நிரம்பி, பறவை திரும்பிப் பார்க்கும் நேரத்தில் கேமரா நின்றுவிடும்.

ஃபிளாஷ் வேண்டாம்.

8. கூடு கண்ணில் பட்டால்

இந்தப் பறவையின் பெயருக்குக் காரணமான கூடுதான் எல்லோருக்கும் ஆசை. அகலமான, வளையக்கூடிய பச்சை இலை ஒன்றையோ இரண்டு மூன்றையோ சேர்த்து, விளிம்புகளில் அலகால் துளையிட்டு, பஞ்சு, நார், சிலந்தி நூல் கொண்டு தைத்து, உள்ளே மெத்தை போட்டிருக்கும். பெரும்பாலும் தரையிலிருந்து ஆள் உயரத்துக்குள்ளேயே இருக்கும். இலை பச்சையாகவே இருப்பதால் பக்கத்தில் நின்றாலும் தெரியாது.

ஆகவே கூட்டைத் தேடிப் போகாதீர்கள். செடி கவாத்து செய்யும்போதோ பூப்பறிக்கும்போதோ தானாகக் கண்ணில் பட்டால், உடனே விலகி 8 மீட்டராவது தள்ளி நில்லுங்கள். தெளிவாகப் படமெடுக்க இலையை ஒதுக்குவது, கட்டிவைப்பது, வெட்டுவது கூடவே கூடாது. அந்த இலைதான் வெயிலுக்கும் காகத்துக்கும் மறைப்பு. வேலூர் வெயிலில் மறைப்பு போன கூட்டில் குஞ்சு சிறிது நேரத்திலேயே வாடிவிடும். நீங்கள் தினமும் நடந்து புல் மிதிபட்ட தடமே பூனைக்கு வழியாகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடைகாப்பு சுமார் 12 நாள், குஞ்சு பொரித்துப் பறக்க சுமார் 14 நாள். அந்த ஒரு மாதம் அந்தச் செடியில் கவாத்து, மருந்து, தோட்டக்காரர் வேலை எதுவும் வேண்டாம் என்று வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். பெற்றோர் இரையை அலகில் வைத்துக்கொண்டு கூட்டுக்குள் நுழையாமல் சுற்றிச்சுற்றிக் கத்தினால், காரணம் நீங்கள். எழுந்து போய்விடுங்கள்.

சட்டமும் இதையே சொல்கிறது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் "வேட்டை" என்ற சொல்லுக்கான விளக்கத்துக்குள்ளேயே காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அடங்கும். உங்கள் சொந்தத் தோட்டம் என்பதால் விலக்கு இல்லை.

கூட்டுக்கு உதவ நினைத்தால், சிலந்தி வலைகளைத் துடைப்பத்தால் ஒட்டுமொத்தமாக அடித்து எடுக்காமல் தோட்டத்து மூலையில் சிலவற்றை விட்டுவையுங்கள். இலவம் பஞ்சு கொஞ்சம் கிளையிடுக்கில் வைக்கலாம். நைலான் நூல், காற்றாடி நூல், தலைமுடி வேண்டாம், குஞ்சின் காலில் சுற்றிக்கொள்ளும்.

குஞ்சு வெளிவந்த பிறகு ஒன்றிரண்டு வாரம் பெற்றோர் வெளியிலேயே ஊட்டும். கூட்டுப் படத்துக்குப் பதிலாக இதற்குக் காத்திருங்கள். யாருக்கும் தொந்தரவில்லை, படமும் இன்னும் உயிரோட்டமாக இருக்கும்.

9. வீட்டுக்கு வெளியே: அனுமதியும் ஆவணமும்

சொந்தத் தோட்டத்துக்கு எந்த அனுமதியும் தேவையில்லை. வெளியே போனால் எப்போதும் கையில் இருக்க வேண்டியவை: ஆதார் அல்லது ஓட்டுநர் உரிமம், கேமரா பில்லின் நகல், முன்பு எடுத்த பறவைப் படங்கள் கைபேசியில் பத்து. யாராவது கேட்டால் வாக்குவாதத்தைவிட அந்தப் படங்கள் வேகமாக வேலை செய்யும்.

பக்கத்து வீட்டுத் தோட்டம்: முதலில் பேசுங்கள், பிறகு கேமராவை வெளியே எடுங்கள். மாடியிலிருந்து நீள லென்ஸை மற்றவர் வீட்டுப் பக்கம் திருப்பினால், அது பறவைக்கென்று யாரும் நினைக்கமாட்டார்கள். அடுக்குமாடி என்றால் சங்கச் செயலாளருக்கு எந்த நாள், எத்தனை மணி என்று எழுதி ஒரு செய்தி அனுப்பிவையுங்கள்.

வேலூர்க் கோட்டை: இந்தியத் தொல்லியல் துறைப் பராமரிப்பில் உள்ளது. கையில் பிடித்து எடுப்பதில் சிக்கலில்லை, ட்ரைபாட் வைக்க முன் அனுமதி வேண்டும். மோனோபாடையும் சிலநேரம் தடுப்பார்கள், ஆகவே கையோடு எடுக்கப் பழகிக்கொண்டு போங்கள்.

கல்லூரி, மருத்துவமனை வளாகங்கள்: காவலாளியிடம் கேட்டு நேரம் வீணாக்க வேண்டாம், அவருக்கு அந்த அதிகாரம் இல்லை. நிர்வாக அலுவலகத்துக்கு ஒரு பக்கக் கடிதம், அடையாள அட்டை நகல், தேதி, நேரம், "கட்டடங்களையும் ஆட்களையும் எடுக்கமாட்டேன்" என்ற வரி. பதிலுக்கு ஒரு வாரமாவது ஒதுக்குங்கள். மருத்துவமனை என்றால் நோயாளிகள் இருக்கும் பக்கமே போக வேண்டாம்.

நீள லென்ஸோடு போகவே கூடாத இடங்கள்: தொரப்பாடி மத்தியச் சிறைச் சுற்றுப்புறம், அப்துல்லாபுரம் விமான நிலைய வேலி, காட்பாடி ரயில் நிலைய நடைமேடை. அங்கே புதரும் உண்டு, பறவையும் உண்டு. விசாரணையில் போகும் நேரத்துக்கு ஈடாகாது.

அமிர்தி, ஜவ்வாது மலைப் பக்கக் காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றி நுழைவது குற்றம். தையல்சிட்டுக்காக அவ்வளவு தூரம் போக வேண்டியதே இல்லை, உங்கள் தெருவிலேயே இருக்கிறது.

10. பதிவு செய்வது

பார்த்த பறவைகளைப் பதிவு செய்யும் இபேர்டு இணையதளத்தில் இலவசக் கணக்கு தொடங்கி, ஒவ்வொரு முறையும் குறைந்தது 15 நிமிடம் பார்த்த எல்லாப் பறவைகளையும் எண்ணிக்கையோடு சேருங்கள். தையல்சிட்டை மட்டும் போட்டுவிட்டு "முழுப் பட்டியல்" என்று குறிக்காதீர்கள். காகம், மைனா, புறா எல்லாம் வர வேண்டும். பொங்கலையொட்டி நான்கு நாள் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேர்வது நல்ல தொடக்கம், வீட்டு மாடியிலிருந்தே செய்யலாம், கட்டணம் கிடையாது.

இடத்தின் பெயரை "என் வீடு, கதவு எண் இத்தனை" என்று எழுதாதீர்கள், அது எல்லோருக்கும் தெரியும். "சத்துவாச்சாரி, 2-ஆம் பகுதி" போல் போதும். கைபேசிப் படங்களில் ஒட்டிக்கொண்டு போகும் இடத் தகவலை அமைப்பில் நிறுத்திவிடுங்கள். கூடு இருக்கும் செடி, தெரு எதையும் குஞ்சு பறந்துபோகும் வரை எங்கும் எழுத வேண்டாம், நண்பர்கள் குழுவிலும்.

படக் கோப்புக்குப் பெயர் வைக்கும்போது தேதி, இடம், செடி மூன்றையும் சேருங்கள்: "2025-03-09_காந்திநகர்_எலுமிச்சை" என்று. ஓராண்டு கழித்து எந்த மாதம் எந்தச் செடிக்கு வந்தது என்று தேடும்போது படத்தைவிட இந்தப் பெயர்தான் உதவும். அடுத்த ஆண்டு நாற்காலியை எங்கே போடுவது என்பதையும் அதிலிருந்தே முடிவு செய்யலாம்.